காலை எடுத்து ஏழு மாதம்: நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

கத்தரிக்கோல் | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 47. லேடீஸ் டெய்லர். திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 22 வருடமாகக் கடை. சர்க்கரை இருப்பது 11 வருடமாகத் தெரியும். மாத்திரை டப்பா மிஷின் டிராயரில்தான் கிடக்கும், தையல் அவசரத்தில் பாதி நாள் திறப்பதே இல்லை. போன சித்ரா பௌர்ணமிக்கு நண்பர்களோடு திருவண்ணாமலை கிரிவலம் போனேன். கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று மதியம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். 14 கிலோமீட்டர், வெறுங்கால், தார் ரோடு. கூட வந்தவர்கள் நிழல் பார்த்துத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். எனக்கு ஒன்றும் சுடவில்லை. "இவனுக்கு அண்ணாமலையார் அருள் இருக்குடா" என்று கேலி செய்தார்கள். சுடாததுதான் வியாதி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். மஞ்சள் வைத்தேன். உடைந்தது. பவுடர் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு மிஷின் மிதித்தேன். வைகாசி முகூர்த்தம், ஜாக்கெட் குவிந்து கிடந்தது. ஐந்தாவது வாரம் விரல் கறுத்து, காய்ச்சலில் உளற ஆரம்பித்து, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். முதலில் விரல் என்றார்கள், அப்புறம் பாதம், கடைசியில் முட்டிக்குக் கீழே. நான் கண் விழித்ததும் டாக்டர், "முட்டியைக் காப்பாத்தியாச்சு, அது பெரிய விஷயம்" என்றார். காலை எடுத்துவிட்டு முட்டிக்குக் கணக்குச் சொல்கிறாரே என்று அடிக்கலாம் போல இருந்தது.

தீபாவளி சீசன் போயிற்று, பொங்கலும் போயிற்று. புண் ஆறிவிட்டது. செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள் (மற்றவர்களுக்கு அளவு எடுத்தே பிழைத்தவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது). கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. மிஷின் மிதிக்கிற காலே இல்லாதவன் கடையைத் திறந்து என்ன செய்ய? வருகிறவர்கள் எல்லாரும் 'ஏத்துக்கோ, பழகிக்கோ' என்கிறார்கள். எப்படி என்று ஒருத்தரும் சொல்வதில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு எந்த நாளில் 'சரி, இனி இதுதான்' என்று ஆயிற்று? அன்றைக்கு என்ன நடந்தது?

நம்பிக்கை ஒளி | திங்கள், காலை 6.05

காலை வணக்கம் சகோ. எல்லாம் நன்மைக்கே. தாங்குகிறவனுக்குத்தான் கடவுள் பாரத்தைக் கொடுப்பான். மனமிருந்தால் மார்க்கமுண்டு. தினமும் காலையில் பத்து நிமிடம் தியானம் செய்யுங்கள், எல்லாம் மாறும்.

பழைய ஸ்டியரிங் | திங்கள், காலை 9.20

மேலே எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் என்னிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்ற ஒரு சொந்தக்காரரிடம், "அப்போ ஒரு காலைக் கொடுத்துட்டு அந்த நன்மையை நீங்களே வாங்கிக்குங்க" என்றேன். மனிதர் அதோடு வரவில்லை.

நான் அரசு பஸ் ஓட்டுநராக இருந்தவன். 2015இல் லாரி மோதி இடது கால் தொடையோடு போயிற்று. டெய்லர் தம்பி, முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னது நிஜம். முட்டி மிஞ்சியவன் நடப்பதும் நான் நடப்பதும் ஒன்றல்ல. எனக்கு முட்டியே கருவிதான். ஒவ்வொரு அடிக்கும் அது நிற்குமா, மடங்குமா என்று மூளை ஓரத்தில் ஒரு ஆள் காவல் உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலம் ஆனால் கால் வலியைவிட அந்தக் காவல்காரனின் களைப்புதான் அதிகம். உங்கள் துக்கம் சின்னது என்று காட்ட இதைச் சொல்லவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற நாள் ஒன்று வரும், அன்றைக்கு ஞாபகம் வரட்டும்.

எந்த நாள் என்று கேட்டீர்கள். எனக்கு அப்படி ஒரு நாளே வரவில்லை. கோபம் அடங்கவே ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான், வேலையை விடாதது. "விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடுங்க, மொத்தமா பணம் வரும்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். கையெழுத்துப் போடவே போய்விட்டேன். யூனியன்காரர் ஒருத்தர் தடுத்தார். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் அரசு ஊழியரை அனுப்பவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். 1995 சட்டத்தில் அது 47ஆவது பிரிவு. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 20ஆவது பிரிவு. இப்போது டைம் ஆபீசில் உட்கார்ந்து வண்டி வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் எவன் பிரேக் போட்டாலும் சத்தத்தை வைத்தே அவனைத் திட்டுவேன். ஓட்ட முடியாத எரிச்சல், வேறென்ன.

சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அந்தப் பிரிவு உதவாது, தெரியும். ஆனால் ஊனச் சான்றும் அடையாள அட்டையும் எடுத்தாயிற்றா? 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகளுக்கு வழி. அந்த அட்டையில் என் பெயரைப் பார்க்கக் கூசி, எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். நஷ்டம் எனக்குத்தான்.

கத்தரிக்கோல் | திங்கள், இரவு 10.15

நன்றி அண்ணே. அட்டைக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இல்லாத கால் வலிக்கிறது. அதிலும் கட்டைவிரல், அந்தப் புண் வந்த விரல்தான், உள்ளே மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போர்வைக்குள் கையை விட்டுத் தேடுகிறேன். நேற்று என் மனைவி, விரல் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தையை அழுத்திவிட்டாள். "இங்கயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு அழுத்தினாள். கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

பிசியோ மேகலா | செவ்வாய், மதியம் 2.30

பைத்தியம் இல்லை அண்ணா. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. செய்தி வராததால் அது பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும். காலை எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது உண்டு. வெளியே சொல்பவர்கள்தான் குறைவு. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

மடங்கின விரலுக்குக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை இது. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் கண்ணாடி, பளபளப்புப் பக்கம் நல்ல காலைப் பார்க்க. மிச்சக் கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நல்ல கால் விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். போன கால் நிமிர்வது மாதிரி கண்ணுக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். செலவில்லாதது என்பதால் முதலில் இதைச் சொல்கிறேன். நரம்பு வலிக்குத் தனி மாத்திரை இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறீர்களா? எல்லாரும் செய்கிற தப்பு. சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போனால் செயற்கைக் கால் மாட்டவே முடியாது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுங்கள். கட்டு சுற்றும்போது நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. டெய்லருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முக்கியமாக இடது காலைப் பாருங்கள். ஒரு காலைக் கொண்டுபோன சர்க்கரை இன்னொரு பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு). ராத்திரி படுக்கும் முன் அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

கத்தரிக்கோல் | செவ்வாய், இரவு 9.50

கடையில் டிரயல் ரூம் கண்ணாடி இருக்கிறது. மகனை விட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஏழு மாதத்துக்குப் பிறகு கடையைத் திறப்பது ஒரு கண்ணாடிக்காக.

காவேரிக்கரை | புதன், இரவு 12.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கில்லை, என் அப்பாவுக்கு. வயது 66, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இதே சர்க்கரை, இதே முட்டிக்குக் கீழ், ஒரு வருடம் ஆகிறது. நல்ல செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மாதம் மாட்டினார், அப்புறம் நிறுத்திவிட்டார். இப்போது அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போடுகிறார். திண்ணைக்குக்கூட வருவதில்லை. அவர் தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். அப்படிப்பட்ட மனிதர். "என்னைப் பார்த்து எவனும் பரிதாபப்பட வேண்டாம்" என்கிறார். அம்மாதான் நாள் முழுக்க அகப்பட்டுக்கொண்டு முழிக்கிறாள்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். மாதம் ஒரு தடவை வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறேன். போன வாரம், "உங்களுக்கு மனசுதான்பா ஊனம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். மாறவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவரை எப்படி மாற்றுவது?

நம்பிக்கை ஒளி | புதன், காலை 6.10

அப்பாவுக்கு மாரியப்பன் தங்கவேலுவைக் காட்டுங்கள் சகோதரி. சேலம் பக்கம் கிராமம், ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், 1.89 மீட்டர்! டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவரால் முடியும்போது?

பழைய ஸ்டியரிங் | புதன், காலை 8.45

மாரியப்பன் எனக்கும் ஹீரோதான், அன்றைக்கு எங்கள் ஆபீசில் லட்டு வாங்கிக் கொடுத்தவனே நான். ஆனால் 66 வயசுக்காரரிடம் போய் 'அவரால் முடியும்போது' என்றால் என்ன அர்த்தம்? உன்னால் முடியவில்லை என்றுதானே காதில் விழும்? கக்கூஸ் போய்வர ஒருத்தர் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று குமைகிறவருக்கு உயரம் தாண்டுகிறவர் உதவ மாட்டார்.

காவேரிக்கரை அம்மா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவர் ஏன் காலை மாட்டவில்லை என்று கேட்டீர்களா? ஏன் மாறவில்லை என்று இல்லை. ஏன் மாட்டவில்லை என்று.

கொய்யாமரம் | புதன், மாலை 5.00

நான் ஓய்வு பெற்ற நர்ஸ், வேலூர்க்காரி. மாரியப்பன் வேண்டாம் என்றால் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். மேரி வர்கீஸ். எங்கள் ஊர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) படித்தவர், பெண்களுக்கான மருத்துவத்தில் போக ஆசைப்பட்டவர். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்த ஆசை அங்கேயே முடிந்தது, அது திரும்ப வரவே இல்லை. கதை சொல்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் தாண்ட மாட்டேன். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவை எது என்று பார்த்தார்கள். தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களின் கையை நிமிர்த்துகிற அறுவை. டாக்டர் பால் பிராண்டிடம் அதைக் கற்றுக்கொண்டார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, சி.எம்.சி.யில் அந்தத் துறையையே நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ. சக்கர நாற்காலியில்தான், கடைசிவரை.

நான் பார்த்தவரையில், நோயாளி 'பழையபடி ஆகணும்' என்று கேட்பதை விட்டுவிட்டு 'உட்கார்ந்தபடி எது முடியும்' என்று கேட்கிற அன்றைக்கு வார்டில் எங்களுக்கே ஒரு மூச்சு வரும். அதற்காக அந்தக் கேள்வியை வெளியிலிருந்து யாரும் அவர் வாயில் திணிக்க முடியாது. தூக்கம், சாப்பாடு இரண்டும் போய், 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்தால் மட்டும் காத்திருக்காமல் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

கத்தரிக்கோல் | புதன், இரவு 11.30

காவேரிக்கரை தங்கச்சி, உங்கள் அப்பாவுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கடைக்குப் பெண்கள் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். பிள்ளை பெற்று உடம்பு மாறியிருக்கும், கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டையே நீட்டி "இதே அளவு" என்பார்கள். "புதுசா அளவு எடுத்துக்கலாம்மா" என்றால் முகம் சுருங்கிவிடும். வற்புறுத்த மாட்டேன். பழைய அளவிலேயே வெட்டி, உள்ளே தையலுக்குத் துணியை நிறைய விட்டுத் தைப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு அவர்களே பிரிக்கச் சொல்லி வருவார்கள்.

ஏழு மாதமாக நானும் பழைய அளவு ஜாக்கெட்டைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் போல. உங்கள் அப்பாவும் அப்படியிருக்கலாம். கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்.

பிசியோ மேகலா | வியாழன், காலை 7.40

ஸ்டியரிங் சார் கேட்டதுதான் சரியான கேள்வி. முதல் வருடத்தில் ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக மிஞ்சிய கால், வற்றிக்கொண்டே வரும். முதலில் செய்த சாக்கெட் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழைகிற கூடு) தொளதொளவென்று ஆகி, எலும்பு போய் அடியில் முட்டும். சாக்ஸ் கூட்டிப் போட வேண்டும், போதவில்லை என்றால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லாவிட்டால், 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்று மூலையில் வைத்துவிடுவார்கள். போய்ப் பாருங்கள்.

காவேரிக்கரை | ஞாயிறு, இரவு 9.00

ஊருக்கு வந்திருக்கிறேன். சண்டை போடவில்லை. "கால் வலிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். ஸ்டம்பின் நுனியில் பழைய எட்டணா அளவுக்கு ஒரு காய்ப்பு, சுற்றிலும் சிவப்பு. "இன்னொரு புண்ணு வந்தா முட்டியையும் எடுத்துடுவாங்களோன்னு கழட்டி வெச்சேன்" என்றார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். இத்தனை மாதமாக வீம்பு என்று நாங்கள் நினைத்தது பயம். செவ்வாய்க்கிழமை சாக்கெட் பார்க்க அழைத்துப் போகிறேன்.

பழைய ஸ்டியரிங் | ஞாயிறு, இரவு 9.25

சாக்கெட் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அம்மா. தெருவில் இறங்க அவருக்கு இன்னும் நாளாகும். ஆனால் வலியோடு வீம்பையும் சேர்த்துச் சுமப்பதில் பாதி குறைந்தது.

கத்தரிக்கோல் | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 7.10

கால் வந்துவிட்டது. ஜெய்ப்பூர் பாதம். ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞரும் டாக்டர் சேதியும் 1968இல் செய்தது என்று அங்கே சொன்னார்கள். ரப்பர் பாதம், செருப்பில்லாமலும் நடக்கலாம், சம்மணம் போடலாம். நிறம்தான் என் நிறமில்லை. இரண்டு ஷேடு தள்ளி. லைனிங் துணி எடுக்கும்போது இப்படி வந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மிஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. பெடலை இடது பக்கம் வைத்தேன். செயற்கைக் காலில் மிதித்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது, இல்லாத பாதத்துக்கு ஸ்பீடு எப்படித் தெரியும்? இடது காலோ 22 வருடமாகச் சும்மா கூட மிதித்த கால். முதல் நாள் ஒரு பழைய வேட்டியில் நேர்த் தையல் ஓட்டினேன். தொட்டால் நிற்கிறது, கொஞ்சம் அழுத்தினால் பறக்கிறது. நூல் நாலு தடவை அறுந்தது, ஊசி ஒன்று முறிந்தது. என் முதல் முதலாளி ஞாபகம் வந்தார். பதினாறு வயதில் காகிதத்தில் நூலில்லாமல் ஓட்டச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார். மகனின் பழைய நோட்டைக் கிழித்துக் கோட்டின் மேல் ஓட்டினேன். நாலு நாள் காகிதம். ஐந்தாம் நாள் துணி.

கைக்குழிதான் கஷ்டம். வளைவில் நாலு தையல் போட்டு நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபடி நாலு போட வேண்டும். கால் அந்த நாலோடு நிற்க வேண்டும், எட்டுக்குப் போய்விடும். பிரித்துப் பிரித்துத் தைத்தேன். நேற்று என் மனைவியின் ஜாக்கெட் ஒன்று முடிந்தது. இடது கைக்குழியில் ஒரு சுருக்கம் இருக்கிறது, வெளியே தெரியாது, எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அவள் டெய்லர் பெண்டாட்டி. போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள்.

நம்பிக்கை ஒளி சகோ, உங்கள் தியானமும் செய்து பார்த்தேன், மூன்றாம் நாள் தூங்கிவிட்டேன். கண்ணாடிதான் எனக்குக் கேட்டது. விரல் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் மடங்குகிறது. கிரிவலப் பாதையை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது, அது போகவில்லை. கடை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. முகூர்த்த ஜாக்கெட் வாங்குவதில்லை, ஓரம் அடிப்பதும் ஆல்டரேஷனும்தான். வருமானம் பழையதில் கால்வாசி.

நம்பிக்கை ஒளி | சனி, இரவு 8.00

சகோ, உண்மையைச் சொல்லட்டுமா, நானும் தியானத்தில் தூங்குகிறவன்தான். என் தம்பி போன பிறகு காலையில் ஏதாவது நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் எழுந்திருக்கவே முடிகிறது. அதைத்தான் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்.

பழைய ஸ்டியரிங் | சனி, இரவு 8.20

அட, தெரியாமல் போயிற்றே. எழுதுங்கள் தம்பி. நாளைக் காலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்.

காவேரிக்கரை | ஞாயிறு, காலை 10.30

டெய்லர் அண்ணாவின் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கைக்குழி வரும் இடத்தில் "மறுபடி படி" என்றார். புதுச் சாக்கெட் வந்து பத்து நாள். வீட்டுக்குள் மட்டும் நடக்கிறார், துண்டு கொடியில் காய்கிறது. இன்றைக்குக் காபி குடித்துக்கொண்டே, "கைத்தடி எந்தக் கையில பிடிக்கணும்னு அந்த பிசியோ பொண்ணுகிட்ட கேளு" என்றார். எங்கள் திண்ணைக்கு மூன்று படி.

பிசியோ மேகலா | ஞாயிறு, காலை 10.50

நல்ல கால் பக்கத்துக் கையில். இறங்கும்போது தடியும் செயற்கைக் காலும் முதலில், நல்ல கால் பின்னால். ஏறும்போது நல்ல கால் முதலில். முதல் தடவை யாராவது ஒரு படி கீழே நில்லுங்கள், பிடிக்க வேண்டாம்.